ஃபேன்டஸி படத்துக்கு லொகேஷன்: தூரத்துப் பாலைவனமா, பக்கத்துக் கல்குவாரியா?

மலையேறி:
சின்ன டீமா சேர்ந்து ஒரு ஃபேன்டஸி படம் எடுக்கிறோம். அழிஞ்சுபோன ராஜ்யத்தைத் தேடிப் போற ரெண்டு பேரோட கதை. ஜோர்டான் நாட்டு வாடி ரம் பாலைவனத்துலயே எடுத்துடலாம்ங்கிறது என் கட்சி. கைவிட்ட கல்குவாரி ஒண்ணு பக்கத்துலயே இருக்கு, அது போதும்ங்கிறார் தயாரிப்பாளர். நீங்க என்ன சொல்றீங்க?

பழைய லென்ஸ்:
தயாரிப்பாளர் சொல்றதுதான் சரி. வாடி ரம்மைச் செவ்வாய் கிரகமா எத்தனையோ படத்துல பார்த்தாச்சு. உங்க ராஜ்யத்துக்குன்னு தனி முகம் அங்க கிடைக்காது. குவாரியில பாறையை அடுக்கடுக்கா வெட்டியிருப்பாங்க, ராட்சசப் படிக்கட்டு மாதிரி இறங்கும். வேலியும் கரண்ட் கம்பமும் ஃபிரேம்ல வராம கேமராவை வச்சீங்கன்னா, யாரோ விட்டுட்டுப் போன கோட்டைதான் அது.

மலையேறி:
அப்படி ஃபிரேமை இறுக்கிக்கிட்டே போனா கடைசியில குளோசப்தான் மிஞ்சும். இந்த மாதிரி கதைக்கு அகலம் வேணும், மனுஷன் எறும்பாத் தெரியணும். தர்சேம் சிங் 'தி ஃபால்' (2006) படத்தை 20க்கும் மேற்பட்ட நாடுகள்ல எடுத்தார், பெரும்பாலும் சொந்தக் காசுல. அதுல வர்ற ராஜஸ்தான் சாந்த் பாவ்ரி படிக்கிணறு இன்னும் என் கண்ணுல நிக்குது.

பழைய லென்ஸ்:
அவர் விளம்பரப் படம் எடுக்கப் போன இடங்கள்லயே தன் படத்தையும் எடுத்துக்கிட்டார். உங்களுக்கு அந்த வசதி இருக்கா? 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தை ஆஸ்திரேலியாவுல ப்ரோக்கன் ஹில் பக்கம் எடுக்கத்தான் திட்டம். மழை கொட்டி, பாலைவனமே பூத்துப் பச்சையாயிடுச்சு. யூனிட்டையே நமீபியாவுக்கு மாத்தினாங்க. பெரிய ஸ்டுடியோ தாங்கிக்கிச்சு. உங்களுக்கு அப்படி ஒரு மழை வந்தா படமே நின்னுடும். குவாரின்னா அடுத்த வாரம் திரும்பப் போகலாம்.

பூம் மைக்:
ரெண்டு பேருமே காதை மறந்துட்டுப் பேசுறீங்க. நேரடி ஒலிப்பதிவுன்னா லொகேஷன் பார்க்கப் போற அன்னிக்கே கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நில்லுங்க. குவாரியில மூணு பக்கமும் மொட்டைப் பாறை; கை தட்டினா திரும்பி வரும். வசனத்துக்கு மேல அந்த எதிரொலி ஏறிடுச்சுன்னா எடிட்டிங்ல பிரிக்கவே முடியாது. ஜெனரேட்டரை அதோட சத்தம் கேட்காம எங்க ஒதுக்குவீங்க? திறந்த பாலைவனத்துல இந்த எதிரொலி இல்ல, ஆனா காத்து பலமா அடிச்சா மைக்குக்கு ரோம உறை போட்டும் பிரயோஜனம் இல்ல. முழுக்க டப்பிங்னா என் பேச்சை விட்டுடுங்க.

காட்டுவழி:
குவாரிக் குழியில தண்ணி தேங்கியிருந்தா, அதுக்குள்ள நடிகரை இறக்காதீங்க. விளிம்புலயே திடீர்னு ஆழம் போகும், அடியில என்ன கிடக்குன்னு தெரியாது. தூரத்துல அரிய இடம் ஏதாவது கிடைச்சா, பேரை வெளிய சொல்லாதீங்க. 'தி பீச்' படத்தால பிரபலமான தாய்லாந்து மாயா பே கடற்கரையை, கூட்டம் தாங்காம 2018ல மூடினாங்க. பவளப்பாறை அவ்வளவு பாழ். 2022லதான் திறந்தாங்க.

மலையேறி:
பேர் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். நடுவழியா ஒண்ணு தோணுது: வைட் ஷாட்டுக்கு மட்டும் ரெண்டு மூணு பேர் வாடி ரம் போறோம், உடையோட டூப்பை நடக்கவிட்டு எடுக்கிறோம். மீதியெல்லாம் குவாரி.

பழைய லென்ஸ்:
பாறை நிறம் ஒட்டாதே! அங்க சிவப்பு மணல், உங்க குவாரி சாம்பல்னா கலர் கரெக்‌ஷன்ல மல்லுக்கட்டணும். குழிக்குள்ள வெயிலும் சீக்கிரம் இறங்கிடும், நிழல் திசை மாறினா அடுத்த ஷாட்டோட சேராது. முதல்ல குவாரிக் கல்லு என்ன நிறம்னு ஒரு போட்டோ போடுங்க, அப்புறம் பேசலாம்.

மலையேறி:
போடுறேன். ஆனா வாடி ரம்மை நான் விடுறதா இல்ல.