வேலைக்கு மனுப் போடும்போது நற்சான்றுக் கடிதம் வைக்கலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

தங்கை மகள் முதல்முறையாக வேலைக்கு மனுப் போடுகிறாள். "பெரியம்மா, தெரிந்தவர்களிடம் கடிதம் வாங்கிச் சேர்த்து அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

நான் 11 வருடம் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதினேன். முதலாளிக்கு முடியாமல் போய் பட்டறையை மூடிவிட்டார். ஏற்காட்டில் ஒரு விடுதிக்குக் கணக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு மனு அனுப்பினேன். உறை கனமாக இருந்தால் மதிப்பார்கள் என்று நம்பி, பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ், கவுன்சிலர் கடிதம், தெருக் கோயில் நிர்வாகி கடிதம் என்று ஒன்பது தாள் இணைத்தேன். "இவரைப் பல வருடங்களாக நன்கு அறிவேன். நல்ல குணம் உடையவர்." ஒன்பதிலும் கிட்டத்தட்ட இதே வரிதான். பதிலே வரவில்லை.

அடுத்தது மலையிலேயே காபிக்கொட்டை வாங்கி விற்கிற ஓர் அலுவலகம். இந்த முறை ஒரு பக்கத்தில் என் விவரமும் பட்டறை அனுபவச் சான்றிதழும் மட்டும்தான். நேரில் வரச் சொன்னார்கள். முதல் நாள் சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பழைய பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினார்: "காலையில் ஆட்களுக்கு வெள்ளி நிறுத்துக் கொடுப்பதும், சாயங்காலம் கொலுசாக நிறுத்து வாங்குவதும் இந்தம்மாதான். சேதாரம் போக வரவேண்டிய எடை நோட்டில் எப்போதும் சரியாக இருக்கும். நான் கூட்டியதில் தப்பு வந்தால் எனக்கே எடுத்துக் காட்டும்." கீழே கையெழுத்து, செல் நம்பர். சீல் கிடையாது.

20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்வரை அந்தத் தாளை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, என்னை எதிரில் வைத்துக்கொண்டே அந்த நம்பருக்குப் போன் போட்டார். அப்புறம் என்னிடம் கேட்டதெல்லாம் சேதாரக் கணக்குதான். ஈரக்கொட்டை காயக் காய எடை குறையும், அதைக் கணக்கில் கொண்டுவரத் தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அன்றைக்கே வேலை என்று சொல்லிவிட்டார்.

அதனால் நான் சொல்வது, கேட்காதவரை மனுவோடு வைக்க வேண்டாம். நேரில் போகும்போது ஒன்று கையில் இருக்கட்டும். நம் வேலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதியதாக இருக்க வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடுவார்.

நாகலூரிலிருந்து:

எங்கள் தாத்தா எஸ்டேட்டில் மேஸ்திரி. துரை எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று டிரங்குப் பெட்டியில் ரொம்ப நாள் இருந்தது. எத்தனை வருடம் இருந்தார், எத்தனை ஆள் வைத்து வேலை வாங்கினார், அவ்வளவுதான் அதில் இருக்கும். அதைக் காட்டித்தான் அடுத்த எஸ்டேட்டில் சேர்ந்தாராம். எனக்கு அப்படி அமையவில்லை. நான் வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்துக் கடிதம் கேட்கப் போனேன். அதற்குள் எஸ்டேட் கைமாறி, ஆபீசில் இருந்த யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பழைய ரைட்டர் வீட்டைத் தேடி வாழப்பாடி வரை போய் வாங்கினேன். வேலையை விடுகிற அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஒரு மருத்துவமனையில் மனுக்களைப் பிரித்துப் பார்க்கிற வேலை எனக்கு. தயவுசெய்து அசலை அனுப்பாதீர்கள். போன மாதம்கூட ஒரு பெண் மதிப்பெண் பட்டியலின் அசலையே வைத்து அனுப்பியிருந்தார், கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அது தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி அலைய வேண்டும். நகலில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எங்களுக்குப் போதும்.

ஆத்தூரிலிருந்து:

அரசு வேலை என்றால் கதையே வேறு. நான் எழுதிய தேர்வில் கடைசியாகப் படித்த இடத்திலிருந்து ஒன்று, ஏ அல்லது பி பிரிவு அதிகாரியிடமிருந்து ஒன்று என்று இரண்டு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். அதிகாரி தருவது அறிவிக்கை வந்த தேதிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் ஓடிப்போய் மறுபடி வாங்கினேன். அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள்.

ஓமலூரிலிருந்து:

நான் இந்த வருடம்தான் பி.காம். முடித்தேன். வேலை பார்த்ததே இல்லை, யாரிடம் கேட்பது அக்கா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

உன் பிராஜெக்டைப் பார்த்த ஆசிரியரிடம் கேள் தம்பி. நீ என்ன செய்தாய் என்று ஒரே ஒரு விஷயத்தை எழுதச் சொல். லீவில் அப்பா கடையிலோ மாமா கடையிலோ கணக்கு பார்த்திருந்தால் அதை உன் விவரத்திலேயே எழுது. சொந்தக்காரர் தரும் கடிதம் மட்டும் வேண்டாம்.

ஓமலூரிலிருந்து:

ஜி.எஸ்.டி. கணக்கு வைத்துத்தான் பிராஜெக்ட் செய்தேன் அக்கா. நாளைக்கே கல்லூரிக்குப் போய் சாரைப் பார்க்கிறேன். மனுவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.