பிரேக் பேட் மாற்றும்போது பிஸ்டன் பாதியில் நின்றுவிட்டது, உள் பேட் மட்டும் இரும்பு வரை தேய்ந்திருக்கிறது. உதவி வேண்டும்

கேள்வி:

வணக்கம். இரண்டு வாரமாகக் காரின் முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம், நேற்று அது இரும்போடு இரும்பு உரசும் சத்தமாக மாறிவிட்டது. புதுப் பேட் வாங்கி வந்து நானே மாற்ற இறங்கினேன், இதுதான் முதல் முறை. வலது பக்கம் சிக்கல் இல்லை, இரண்டு பழைய பேட்டிலும் 4 மி.மீ. மீதம் இருந்தது, புதியது போட்டாயிற்று. இடது பக்கம்தான் புரியவில்லை. வெளிப் பேட்டில் 5 மி.மீ. இருக்கிறது, பேட்டை அழுத்தும் பிஸ்டன் பக்கம் இருக்கும் உள் பேட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் உள் முகத்தில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருக்கிறது. திருகி இறுக்கும் சி-கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை அழுத்தினால் பாதி வரை போய் நின்றுவிடுகிறது, அதனால் புதுப் பேட்டின் மேல் காலிபர் (பிஸ்டனைத் தாங்கி, பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) உட்காரவில்லை. இன்னும் பலமாக அழுத்தலாமா? கார் ஜாக்கியில் நிற்கிறது, காலிபர் பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்குகிறது. நாளை மறுநாள் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், வேறு வண்டி இல்லை.

பதில் 1:

முதலில் கையை எடுங்கள். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும்தான், ஒரு உதை பட்டால் சரிந்துவிடும். ஸ்டாண்ட் வைத்து அதில் காரை இறக்கி, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள், பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். காலிபரை ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த எடையை ஹோஸ் தாங்கினால் உள்ளே கிழியலாம், வெளியே பார்த்தால் தெரியாது. இதை முடித்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

பதில் 2:

கிளாம்ப்பின் முனையை நேராகப் பிஸ்டனில் வைத்து அழுத்தினீர்களா? அப்படியென்றால் பிஸ்டன் சாய்ந்து உள்ளே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் தட்டையாக வைத்து அதன் நடுவில் கிளாம்ப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள், கால் சுற்று, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி கால் சுற்று. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து அளவையும் பாருங்கள். பேட் தேயத் தேய டப்பாவில் அளவு இறங்கும், அதைப் பார்த்து நடுவில் யாராவது நிரப்பியிருந்தால் இப்போது பிஸ்டன் உள்ளே போகும்போது வழிந்துவிடும். பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் காலிபரில் இருக்கும் பிளீடர் நிப்பிளில் (பிரேக் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு குழாய் மாட்டி, அதைத் தளர்த்திவிட்டு அழுத்திப் பாருங்கள். அப்போது சுலபமாகப் போனால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அப்போதும் போகவில்லை என்றால் பிஸ்டனே துரு பிடித்துவிட்டது, காலிபரையே மாற்ற வேண்டும். நிப்பிளைத் திறந்தால் கடைசியில் காற்று எடுக்கும் வேலையும் சேரும், அதனால் முதலில் திறக்காமல் முயலுங்கள்.

பதில் 3:

பிஸ்டன் உள்ளே போய்விடும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் என் கவலை வேறு. உள் பேட் ஏன் தனியாகத் தேய்ந்தது? இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேட்டைப் போட்டு மூடினால் அதுவும் இதே மாதிரிதான் போகும்.

இந்த வகைக் காலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது உள் பேட்டை டிஸ்க்கில் அழுத்தியதும், அந்த எதிர்விசையில் காலிபர் முழுவதும் கைடு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப் பேட்டை இழுத்து அழுத்த வேண்டும். கைடு பின் ஜாம் ஆகிவிட்டால் காலிபர் நகராது, முழு வேலையும் உள் பேட்டின் தலையில். மேலும் கீழும் இருக்கும் இரண்டு பின்களையும் கையால் இழுத்துப் பாருங்கள். வழுவழுவென்று வர வேண்டும். ஒன்று கையால் வரவில்லை என்றால் அதுதான் காரணம்.

சுத்தம் செய்த பிறகு பிரேக் பின்னுக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வீட்டில் இருக்கும் சாதாரண கிரீஸைத் தடவினால் அதில் இருக்கும் எண்ணெய் ரப்பரை ஊத வைத்து, சில மாதத்தில் பின் மறுபடி இறுகிவிடும். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

கேட்டவர்:

ஸ்டாண்ட் வைத்துவிட்டேன், காலிபரையும் கட்டிவிட்டேன். பழைய பேட்டை வைத்து அழுத்தியதும் பிஸ்டன் முழுதாக உள்ளே போய்விட்டது, நிப்பிளைத் தொடவே இல்லை. டப்பா நிரம்பி வழியப் பார்த்தது, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன், போன மாதம் நான்தான் நிரப்பியிருந்தேன். மேல் பின் சாதாரணமாக வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை, ஸ்பேனர் போட்டுத் திருப்பித் திருப்பித்தான் எடுத்தேன். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து துருவோடு கட்டியாகிவிட்டது. பின்னில் குழிகூட விழுந்திருக்கிறது. இதைத் தேய்த்துப் போடலாமா? டிஸ்க்கை என்ன செய்வது?

பதில் 3:

குழி விழுந்த பின்னைத் தேய்த்துப் போடாதீர்கள், பின்னும் பூட்டும் சேர்ந்த கிட் கிடைக்கும், அதைப் போடுங்கள். துளைக்குள் இருக்கும் துருவையும் சிறிய பிரஷ் விட்டு எடுங்கள். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். நகம் சிக்கும் கோடு என்கிறீர்கள், என் வண்டியாக இருந்தால் இரண்டு பக்கமும் டிஸ்க்கை மாற்றியிருப்பேன். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

பதில் 1:

இன்னொன்று, இதை மறந்துதான் பலர் இடித்திருக்கிறார்கள். எல்லாம் மாட்டியதும் பெடல் முதலில் தரை வரை போகும், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே தள்ளியிருக்கிறது. வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவதற்கு முன்னால், பெடல் கெட்டியாகும் வரை மெதுவாக மிதித்து மிதித்து விடுங்கள். பிறகு டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். எத்தனை மிதித்தும் பஞ்சு மாதிரி இருந்தால் காற்று புகுந்திருக்கிறது, ஓட்டாதீர்கள்.

கேட்டவர்:

பொறித்திருந்தது 20 மி.மீ., அளந்தால் 19.6, அதனால் யோசிக்க ஒன்றும் இல்லை, இரண்டு டிஸ்க்கும் புதிது, கீழ்ப் பின் கிட்டும் புதிது. புது டிஸ்க்கில் இருந்த எண்ணெய்ப் பூச்சைக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டினேன். போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முறுக்கினேன். பெடல் 7, 8 மிதியில் கெட்டியாகிவிட்டது. ஆனால் இப்போது மெல்லிதாக ஒரு உரசல் சத்தம் வருகிறது, பிரேக்கும் பழைய அளவுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது தவறாக மாட்டிவிட்டேனா?

பதில் 2:

புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும் வரை அப்படித்தான் இருக்கும். ஆள் இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்தில் இருந்து 10 வரை மிதமாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள், முழுதாக நிற்க வேண்டாம், நடுவில் ஆற விட்டு இப்படி ஒரு 10 முறை. முடிந்ததும் சிறிது தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், ரிம்மைத் தொட வேண்டாம். இடது பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் காலிபர் இன்னும் விடுபடவில்லை என்று அர்த்தம்.

கேட்டவர்:

காலையில் போய்ச் செய்துவிட்டு வந்தேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு, சத்தம் போய்விட்டது, வண்டி நேராக நிற்கிறது. வலது பக்கப் பின்களை நான் கழற்றிப் பார்க்கவே இல்லை, இன்று மாலை அதையும் கழற்றிக் கிரீஸ் வைத்துவிட்டுத்தான் நாளை அம்மாவை அழைத்துப் போவேன். நன்றி.