மறு: அடாப்டிவ் ஆப்டிக்ஸ்: ‘தகவமைப்பு’ கண் மருத்துவத்தில் இடிக்கிறது

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. இன்று கடைசி ஆளுக்கும் கண்ணாடிப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழைக்கு இடையில் வந்தவர்களுக்காக ஒரு வரி. காட்பாடி ஆசிரியை அம்மா பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ‘வானியலும் மருத்துவமும்’ என்று ஒரு சிறு கையேடு தயாரிக்கிறார். ஜாதகம், நட்சத்திர மருந்து எதுவும் அதில் இல்லை. வானத்தைப் பார்க்கச் செய்த கருவி மனிதக் கண்ணுக்குள் பார்க்கப் பயன்பட்ட கதை அது. அதில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்பதற்குத் தமிழ் கேட்டார். வழியில் கசங்கி வரும் ஒளியை அளந்து, நெளியும் ஆடியால் இடைவிடாமல் சரிசெய்யும் முறை அது. அதற்குத்தான் இத்தனை மடல்.

> ‘தகவமைப்பு ஒளியியல்’ என்று ஏற்கெனவே புழங்குகிறதே. இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

திருப்பத்தூர் ஐயா கேட்பது நியாயம். வானியல் கட்டுரைக்குள் மட்டும் அந்தச் சொல் இருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நான் உட்கார்ந்திருப்பது கண் பக்கம். இங்கே தகவமைப்பு என்ற சொல்லுக்கு இரண்டு வேலை முன்பே இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க விழியின் லென்ஸ் தன்னைக் குவித்துக்கொள்வதைப் பாடநூல் விழி ஏற்பமைவு என்கிறது, பேச்சில் பலர் தகவமைதல் என்றே சொல்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் அது குறைவதுதான் வெள்ளெழுத்து. வெளிச்சத்திலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் போனால் கொஞ்ச நேரத்தில் கண் பழகுமே, அது இருள் தகவமைவு.

இப்போது அம்மாவின் கையேட்டில் இப்படி ஒரு வாக்கியம் வந்தே தீரும். ‘சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் தகவமைப்பை நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு தகவமைப்பு ஒளியியல் கருவியால் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள்.’ நான் வேண்டுமென்று கோத்தது இல்லை. பாப்பாவை (கண்ணுக்குள் ஒளி நுழையும் துளையை) விரிக்கவும் கண் தானே குவிமாற்றம் செய்யாமல் இருக்கவும் சொட்டு மருந்து விட்டுத்தான் அந்தப் படம் பெரும்பாலும் எடுக்கிறார்கள். எதை நிறுத்தினார்கள், எதை ஓட்டினார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

இன்னொரு குறை, பொருளிலேயே. தகவமைப்பு என்றால் நமக்கு ஒட்டகமும் சப்பாத்திக் கள்ளியும் நினைவுக்கு வரும். சூழலோடு ஒத்துப்போக உயிர் தன்னை மாற்றிக்கொள்வது அது. இந்தக் கருவி செய்வதோ எதிர் வேலை. காற்று ஒளியை வளைத்தால் அது அந்த வளைவுக்கு நேர் எதிராக வளைந்து, வந்த கோணலைக் கழித்துவிடுகிறது. மல்லுக்கு நிற்கிற ஒன்றுக்கு ஒத்துப்போகிறவன் பெயரை வைப்பது சரியில்லை.

என்ன நடக்கிறது என்பதை நம் ஊர்ப் பக்கத்தை வைத்தே சொல்கிறேன். நான் ஆலங்காயத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். அது பழைய வடாற்காடு மாவட்டம், அப்புறம் வேலூர், 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டம் மாறினாலும் தொலைநோக்கி அதே இடத்தில்தான் இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரம். 1986-இல் தொடங்கிய 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆடி, கணக்குப்படி, ஒரு பாகையை 3,600 பங்காக்கி அதில் ஒரு பங்கின் நூறில் ஆறு பாகம் அளவுக்கு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். காற்று விடாது. உலகத்தின் நல்ல மலைகளில்கூட அந்த ஒரு பங்கை ஒட்டித்தான் படம் பூத்துப்போய் நிற்கும். சித்திரை வெயிலில் பெங்களூரு சாலையின் தார் மேல் கானல் நெளியுமே, அதே நெளிவு வானம் முழுக்க மெலிதாக இருக்கிறது. விண்மீன் மினுக்குவது அதனால்தான். பல ஆண்டுகள் பயணம் செய்து சமமாக வந்த அலைமுகப்பு, கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கசங்கிவிடுகிறது. (அலைமுகப்பு என்றால் ஒளி அலையின் முன்முகம், வேவ்ஃப்ரண்ட். பாடநூல் சொல். இழையில் யாருக்கும் அதில் சண்டை இல்லை, நல்லது.)

1953-இல் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலர், கசங்கியதை உடனுக்குடன் அளந்து ஆடியின் முகத்தை மாற்றிச் சரிசெய்யலாம் என்று எழுதினார். ஆடி மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதை எலக்ட்ரான் கற்றையால் மேடு பள்ளமாக்குவது என்பது அவர் யோசனை. அன்றைய கருவிகளுக்கு அது எட்டாத வேலை. அளக்கும் பக்கம் வேறு வழியாக வந்தது. ஜெர்மனியில் ஹார்ட்மன் பெரிய தொலைநோக்கியைச் சோதிக்கத் துளையிட்ட தகட்டை முன்னால் வைத்தார். 1971-இல் ஷாக், பிளாட் இருவரும் துளைக்குப் பதிலாகக் குட்டி லென்ஸ்களை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொரு குட்டி லென்ஸும் ஒரு புள்ளியைக் காட்டும். புள்ளி இடம் விலகினால் அந்த இடத்தில் அலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

1994-இல் ஹைடல்பெர்க்கில் லியாங், பில்லே குழுவினர் அதே அடுக்கை மனிதக் கண்ணுக்கு முன் வைத்தார்கள். 1997-இல் ராச்செஸ்டரில் லியாங், வில்லியம்ஸ், மில்லர் மூவரும் நெளியும் ஆடியையும் சேர்த்து, உயிருள்ள மனிதனின் விழித்திரையில் கூம்பு செல்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். நடுப்பகுதியில் ஒரு கூம்பு செல்லின் தடிமன் இரண்டு மூன்று மைக்ரான்தான். அதுவரை அறுத்து எடுத்த விழித்திரையில் மட்டும் தெளிவாகப் பார்க்க முடிந்ததை, எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஆளிடம் பார்த்தார்கள். 1999-இல் ரூர்டாவும் வில்லியம்ஸும் சிவப்பு, பச்சை, நீலம் உணரும் மூன்று வகைக் கூம்புகளும் எப்படி விரவிக் கிடக்கின்றன என்றே வரைபடம் போட்டுவிட்டார்கள்.

தொழில் புரியாதவர்களுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டும். பாப்பாவைச் சுருக்கினால் கண்ணின் குறைகள் மறையும். துளை அட்டையை வைத்துப் பார்க்கச் சொல்வோமே, அந்தத் தந்திரம்தான். ஆனால் சின்னத் துளை வழியாக நுணுக்கம் கிடைக்காது, ஒளி விளிம்பில் வளைந்து படத்தை மழுக்கிவிடும். நுணுக்கம் வேண்டுமென்றால் பாப்பா விரிய வேண்டும். விரிந்தால் கருவிழிப் படலத்தின் மேடு பள்ளம், லென்ஸின் குறை, கண்ணீர்ப் படலத்தின் அசைவு எல்லாம் உள்ளே வந்துவிடும். காவலூர்க்காரருக்குக் காற்று எப்படியோ, எங்களுக்குக் கண்ணின் முன்பாகம் அப்படி. அவர் பார்க்க வேண்டியது மேலே, எங்களுக்கு உள்ளே. நடுவில் இருப்பதுதான் எதிரி.

> வானியலர்கள் கண் மருத்துவத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவையா?

இல்லை அம்மா, கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள். சூரியக் கரும்புள்ளிகளைப் பார்த்த ஷைனர் 1619-இலேயே இரண்டு துளை போட்ட அட்டையால் கண்ணின் குவிவைச் சோதித்தவர். இன்று கண்ணாடிக் கடையில் தாடையை வைக்கச் சொல்லும் கருவிகள் பலவற்றில் அந்த இரட்டைத் துளை யோசனை ஒளிந்திருக்கிறது. பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலரான ஜார்ஜ் ஏரி, 1820-களில் தன் இடது கண்ணின் கோளாறைத் தானே அளந்து, அதற்கு உருளை வடிவ லென்ஸ் செய்வித்தார். நாங்கள் ‘சிலிண்டர் பவர்’ என்று எழுதுகிறோமே, அதுதான். அந்தக் கோளாறுக்கு அஸ்டிக்மாட்டிசம் என்று பெயர் வைத்தவர் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் ஹூவெல். சயன்டிஸ்ட் என்ற சொல்லைக் கட்டியவரும் அவரே. அவர்கள் காலத்திலும் நம்மைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘அலைக்கோணல் திருத்தி’ எப்படி?

குடியாத்தம் தம்பி, காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கோணல் என்பது நாம் விளிம்பு விளைவு என்கிற டிஃப்ராக்‌ஷனைக் குறிக்கும். மேலே சொன்ன துளை அட்டைக் கதையில் அதுவும் இதுவும் ஒரே பத்தியில் வரும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை படித்தால் குழம்பிப்போகும்.

போன வாரம் காகிதப்பட்டறையில் மகனின் சைக்கிளைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தார். எங்கே உரசியதோ அங்கே வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கினார், எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தினார், மறுபடி சுற்றினார். கோடு குட்டையானது. மறுபடி இறுக்கினார். “என்னண்ணா பண்றீங்க?” என்றேன், தெரிந்துகொண்டேதான். “கோட்டம் எடுக்கறேன் சார்” என்றார்.

சுண்ணாம்புதான் உணரி. கம்பிகள்தான் ஆடிக்குப் பின்னால் தள்ளியும் இழுத்தும் நிற்கும் தண்டுகள். அளப்பது, திருத்துவது, மறுபடி அளப்பது என்ற சுற்றும் அப்படியே இருக்கிறது. வானத்தில் இந்தச் சுற்று நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஓட வேண்டும். கண்ணில் அவ்வளவு அவசரம் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: கோட்டந்தீர் ஒளியமைப்பு. ஒளியியல் என்று போடவில்லை, ஏனென்றால் இயல் என்பது படிக்கும் துறை, இது பூட்டி ஓட்டும் ஓர் அமைப்பு. கசங்கிய அலையின் விலகலுக்கு அலைக்கோட்டம். நெளியும் ஆடிக்கு, குழியாடி, குவியாடி வரிசையில், நெகிழாடி. முன்னொட்டாகவும் நன்றாக ஓடுகிறது: கோட்டந்தீர் தொலைநோக்கி, கோட்டந்தீர் விழித்திரைப் படம். மலையிலும் செல்லும், மருத்துவமனையிலும் செல்லும். தீர் என்பது நானாகக் கொண்டுவந்ததும் இல்லை. மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் தச்சனின் நூலை உவமையாக வைத்து நன்னூல் பேசுகிறது.

> கோட்டம் என்றால் கோட்டாட்சியர் அலுவலகம்தான் ஞாபகம் வரும். அலைக்கோட்டம் என்றால் கடற்கரைக் கோயிலா?

ஆற்காடு நண்பரே, சிரித்துவிட்டேன். நம் வட்டாரமே பழைய கல்வெட்டுகளில் படுவூர்க் கோட்டம்தான். ஆனால் கண்ணாடி என்ற ஒரே சொல்லை முகம் பார்க்கவும் மூக்கில் மாட்டவும் ஜன்னலில் போடவும் வைத்துக்கொண்டு நாம் ஒருநாளும் குழம்பியதில்லை. பக்கத்துச் சொல் பார்த்துக்கொள்ளும்.

என் சொல்லில் ஓர் ஓட்டை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திருப்பத்தூர் ஐயா சொல்வார். மூக்குக்கண்ணாடியும் கோட்டம் தீர்ப்பதுதானே? ஆமாம். ஒருமுறை அளந்து ஒருமுறை தீர்ப்பது அது. வேவ்ஃப்ரண்ட் லேசிக் என்று விளம்பரப் பலகையில் போடுகிறார்களே, அதுவும் அலையை அளந்து கருவிழிப் படலத்தை லேசரால் ஒருமுறை செதுக்குவதுதான். இது விடாமல் தீர்ப்பது. அந்த ‘விடாமல்’ என் சொல்லுக்குள் இல்லை. ‘தொடர்கோட்டந்தீர்’ என்று எழுதிப் பார்த்தேன், ரயில் பெட்டி மாதிரி நீண்டது. முதல் தடவை வரும் இடத்தில் ‘இடைவிடாமல் திருத்தும்’ என்று விளக்கம் கொடுத்துவிட்டு மேலே போகலாம் என்பது என் எண்ணம். இரண்டு அசையில் யாராவது அடக்கினால் என் சொல்லை இன்றே கைவிடுகிறேன்.

கடைசியாகக் கைட் ஸ்டார். அலையை அளக்க ஒரு ஒளிப்புள்ளி வேண்டும். வானத்தில் பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இல்லாவிட்டால், சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் படலத்தில் லேசரை அடித்து ஒரு போலி விண்மீனை உண்டாக்குகிறார்கள். கண்ணில் விழித்திரை மேலேயே மெல்லிய ஒளிப்புள்ளி ஒன்றை வைத்து, அதிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கிறார்கள். ‘வழிகாட்டி மீன்’ என்ற பரிந்துரை வானத்துக்கு அழகு. ஆனால் என் எதிரே உட்காரும் பேரணாம்பட்டுப் பாட்டியிடம் “உங்க கண்ணுக்குள்ள ஒரு மீன் விடப்போறோம்” என்று நான் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவாகக் குறிப்புள்ளி. வானியலர்கள் வேண்டுமானால் குறிமீன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா, கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றீர்கள். மறுப்பு இருப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள்.

பி.கு.: காகிதப்பட்டறைக் கடைக்காரரிடம் இந்தச் சொல்லைக் காட்டினேன். “தீர்றதெல்லாம் இல்ல சார், ஆறு மாசத்துல திரும்ப வரும்” என்றார். கோட்டந்தீர் வேண்டாம், ‘கோட்டமெடுப்பு’ என்றே வைத்துவிடலாமா என்று இப்போது ஒரு சபலம். சொல்லுங்கள்.