ஆன்டிநோமியனிசம்: 'திருச்சட்ட விலக்குவாதம்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

விசுவாசியைக் கடவுளின் கட்டளைகளாகிய சட்டம் இனிக் கட்டுப்படுத்தாது என்னும் கிறிஸ்தவக் கொள்கைக்கு 'ஆன்டிநோமியனிசம்' என்று பெயர். அகராதிக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் சட்டமறுப்பு, விதிமறுப்பு, அறமறுப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

> சட்டமறுப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதைப் பள்ளிப் பாடத்தில் படித்த யாருக்கும் 'சட்டமறுப்பு' என்றதும் காந்தியும் ராஜாஜியும்தான் நினைவுக்கு வருவார்கள். விதிமறுப்பு என்றால் தலைவிதியை மறுப்பதாகப் படும். அறமறுப்பு என்பதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அது கொள்கைக்கான பெயர் இல்லை, அந்தக் கொள்கைக்காரர்மேல் சுமத்தப்பட்ட பழி.

இந்தச் சொல் பிறந்த கதையைப் பாருங்கள். யோஹான் அக்ரிகோலா, 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருடைய ஊரான ஐஸ்லேபனில் பிறந்தவர், லூதருடைய மாணவர், நண்பர். மனிதனை மனந்திரும்பச் செய்வது சட்டத்தின் மிரட்டல் இல்லை, நற்செய்தியே என்றார் அவர். பத்துக் கட்டளைகளுக்கு உரிய இடம் நகரமன்றம், பிரசங்க மேடை இல்லை என்பது அவர் தரப்பு. லூதருக்கு இது பொறுக்கவில்லை. சட்டம் பாவத்தைச் சுட்டிக் காட்டாவிட்டால் கிருபை எதற்கு என்றே ஒருவனுக்குப் புரியாது என்று வாதிட்டார். 1537 முதல் 1540 வரை விட்டன்பர்க்கில் இதற்காகவே தொடர் விவாதங்கள் நடத்தினார். எதிர்த்தரப்புக்கு 'ஆன்டிநோமர்', அதாவது சட்டத்துக்கு எதிரானவர், என்று பெயர் சூட்டியவரும் அவரே. 1540-இல் அக்ரிகோலா பெர்லினுக்குப் போய், பிராண்டன்பர்க் இளவரசரின் அரசவைப் போதகர் ஆனார்.

அக்ரிகோலா ஒழுக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டளைகளே பொய் என்றும் சொல்லவில்லை. எனவே 'மறுப்பு', 'எதிர்ப்பு' இரண்டும் அவர் சொன்னதைத் தாண்டிப் போகின்றன. அவர் சொன்னது, விசுவாசியின் வாழ்வில் சட்டத்துக்கு இனி அதிகாரம் இல்லை, சபையின் போதனையிலிருந்து அதைத் தள்ளி வைக்கலாம் என்பதுதான்.

ஆகவே என் பரிந்துரை: திருச்சட்ட விலக்குவாதம். கொள்கையாளர்: திருச்சட்ட விலக்குவாதி.

'விலக்கு' குழப்புமே, வரிவிலக்கு என்றால் சலுகை, மதுவிலக்கு என்றால் தடை என்று ஒருவர் கேட்கலாம். இங்கே இரண்டு பொருளும் பொருந்துகின்றன என்பதே எனக்கு இதில் பிடித்தது. விசுவாசி சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவர். பிரசங்க மேடையிலிருந்து சட்டம் விலக்கி வைக்கப்பட்டது. அக்ரிகோலாவின் தரப்பில் இரண்டும் உண்டு.

'திருச்சட்டம்' 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பின் வழக்கு. சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்தவர்கள் 'நியாயப்பிரமாணம்' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். என் நாவிலும் அதுதான் முதலில் வருகிறது. ஆனாலும் 'நியாயப்பிரமாண விலக்குவாதம்' வாக்கியத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. சபைக்கு வெளியே இருக்கும் வரலாற்று மாணவருக்கு அந்தச் சொல்லைத் தனியே விளக்கவும் வேண்டும். அகராதிப் பதிவில் அதை மாற்று வடிவமாகக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், மிக முக்கியமானது ஒன்று. புதிய ஏற்பாட்டு நிருபங்களில் அப்போஸ்தலர் பவுல் போதித்த விடுதலையும் இந்த வாதமும் ஒன்றல்ல. 'நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்' என்று ரோமர் 6:14-இல் எழுதிய அதே பவுல், கிருபை பெருகுவதற்காகப் பாவத்தில் நிலைநிற்கலாமா என்ற கேள்விக்கு அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே 'கூடாதே' என்கிறார். 1 கொரிந்தியர் 9:21-இல் தாம் கிறிஸ்துவின் பிரமாணத்துக்கு உள்ளானவர் என்கிறார். கலாத்தியர் 5:13-இல் சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டீர்கள் என்று சொன்ன கையோடு, அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யச் சொல்கிறார். கிருபை பாவிக்குத் தருவது தண்டனையிலிருந்து தப்பும் வழியை மட்டும் இல்லை, புதிய மனதையும்தான். இதற்கு 'திருச்சட்டத்திலிருந்து விடுதலை' என்ற தொடர் ஏற்கெனவே போதும். புதுச் சொல் இதன் இடத்தை ஆக்கிரமிக்கக் கூடாது. புதிய ஏற்பாட்டில் வரும் 'அனோமியா' என்ற கிரேக்கச் சொல் வேறு. மத்தேயு 7:23-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'அக்கிரமம்' என்றே தருகிறது. அது நடத்தைக்குப் பெயர். நாம் தேடுவது ஒரு கொள்கைக்கு.

அகராதிப் பதிவில் 'பெரும்பாலும் எதிர்த்தரப்பார் இட்ட பெயர்' என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். ஆன் ஹட்சின்சனின் வழக்கே போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் பேறுகாலம் பார்த்து வந்தவர், தம் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பிரசங்கங்களை அலசியவர். ஒருவருடைய நற்செயல்களை அவர் மீட்கப்பட்டதற்கு அத்தாட்சியாகக் கொள்ளக் கூடாது என்றார்; போதகர்கள் பலர் கிரியைகளின் உடன்படிக்கையையே, அதாவது நற்செயல்களால் மீட்பு என்பதையே, போதிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். 1637-இல் விசாரணை, 1638-இல் நாடுகடத்தல். கட்டளைகளைத் தூக்கி எறியச் சொன்னவர் அல்லர் அவர். ஆனாலும் இந்த முத்திரை அவர்மேல் விழுந்தது. வரலாற்று நூல்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர்கள் சிலர் அந்தப் பூசலை 'இலவசக் கிருபைச் சர்ச்சை' என்று அழைப்பது இதனால்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'ஹட்சின்சன்மேல் திருச்சட்ட விலக்குவாதி என்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது.' எனக்கு இடறவில்லை. நீங்களும் வேறு வாக்கியங்களில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதன் எதிர்முனையான, சட்டத்தைக் கடைப்பிடிப்பதையே மீட்புக்கு வழியாகக் கொள்ளும் 'லீகலிசம்' இன்னும் பாக்கி. 'பரிசேயத்தனம்' பேச்சில் சரி. ஆனால் அது ஒரு யூதப் பிரிவையே வசைச்சொல்லாக்குவதால் அகராதிக்கு ஆகாது. 'சட்டவாதம்' என்று போட்டால் பண்டைச் சீன அரசியல் கொள்கையோடு மோதும். 'கிரியைவாதம்' எப்படி?

அன்புடன்.