பூவும் பழமும் ஒரே கிளையில்: ஓவியமா, பொய்யா?

லென்ஸ்ராஜா: கேமரா வந்த பிறகும் செடியை வரைந்து வைத்து ‘அறிவியல்’ என்கிறார்கள். ஒரே கிளையில் மொட்டு, பூ, பழம் எல்லாம்! அப்படி ஒரு கிளையை எந்த மாதத்தில் பார்த்தீர்கள்? சுத்தப் பொய்.

கிளைநுனி: வந்துவிட்டார். அது ஒரு கிளையின் படம் இல்லை சார், ஓர் இனத்தின் படம். பல செடிகளைப் பார்த்து, பூச்சி அரித்த இலையை ஒதுக்கி, இயல்பான வடிவத்தை வரைகிறார்கள். சூல்பையைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறை, மகரந்தப்பை எப்படித் திறக்கிறது, இலையின் அடியில் ரோமம் உண்டா, எல்லாம் ஒரே தாளில், அளவுகோலோடு. உங்கள் போட்டோவில் பின்னணி மங்கல் மட்டும் பிரமாதம்.

லென்ஸ்ராஜா: நீட்டி முழக்கினால் ஆச்சா? எந்த மாதம்?

புளியங்கொம்பு: எலுமிச்சையில் பூவும் காயும் சேர்ந்தே இருக்குமே :)

லென்ஸ்ராஜா: விதிவிலக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

கிளைநுனி: நீங்கள் மேக்ரோ என்கிற நெருக்கப் படத்துக்குப் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறீர்களே, அது எந்த நொடி?

லென்ஸ்ராஜா: அது ஃபோகஸ் ஸ்டாக்கிங். வேறு விஷயம்.

கிளைநுனி: ஆமாம், நீங்கள் செய்தால் நுட்பம், தூரிகை செய்தால் பொய். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கு வைத்த பெயர்களில் பலவற்றுக்கு வகைமாதிரியே, அதாவது அந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்று காட்டும் ஆதாரமே, ஓர் ஓவியம்தான். போய்ச் சொல்லுங்கள், எல்லாம் பொய் என்று.

வேர்முடிச்சு: சண்டை கிடக்கட்டும். தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் கோரமண்டல் செடிகள் நூல் 1795-இல் வரத் தொடங்கியது, 300 படங்கள். வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர் எங்கே?

கிளைநுனி: இன்னொரு தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்கு வரைந்த ரங்கையா, கோவிந்து பெயர்கள் தெரியும். கோவிந்து பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினமே வைத்தார் வைட்.

வேர்முடிச்சு: அதையும் ட்ரோபிடியா என்ற வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், கோவிந்து பெயர் போயிற்று. நல்ல மரியாதை! நான் கேட்டது ராக்ஸ்பரோ.

லென்ஸ்ராஜா: வரைய நீங்கள் பூவை அறுக்கிறீர்கள். நான் செடியைத் தொடாமல் எடுத்துவிட்டு வருகிறேன். யாருக்கு இயற்கை மேல் அக்கறை?

கிளைநுனி: தொடாமலா? போன மழைக்காலத்தில் ஃபிரேமுக்கு இடைஞ்சல் என்று சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கியதை நீங்கள்தானே இங்கே பெருமையாக எழுதினீர்கள்! ஒரு இலையின் நரம்பை எண்ணி வரைகிறவன் அதன் எதிரே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் தெரியுமா? உங்களுக்கு ஒரு கிளிக், அப்புறம் அடுத்த செடி.

லென்ஸ்ராஜா: அது களைப்புல். பேச்சை மாற்றாதீர்கள். எந்த மாதம்?

புளியங்கொம்பு: களை என்று யார் சொன்னது? அந்தப் படத்தைப் போடுங்கள், பார்ப்போம்.

வேர்முடிச்சு: ராக்ஸ்பரோ பற்றிக் கேட்டேனே?