டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இல்லை என்று தலைமை ஆசிரியர் பதவி உயர்வு நின்றவர்கள், வழக்குப் போட்டவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரிசல் டீச்சர்:
முன்கதை எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் 2004இல் மூவாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் வந்த இடைநிலை ஆசிரியை. 2006 ஜூன் 1இல்தான் காலமுறை ஊதியம். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் பட்டியலில் பெயர் வந்து, கலந்தாய்வுக்கும் அழைத்துவிட்டார்கள். திரையில் காலியிடங்கள் ஓடுகின்றன, எனக்கு முன்னால் நான்கே பேர். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற மாதிரி ஒரு பள்ளி, அதைத்தான் எடுப்பது என்று உள்ளங்கையில் பேனாவால் அதன் வரிசை எண்ணை எழுதி வைத்திருந்தேன். உள்ளே போன எழுத்தர் வெளியே வந்து, "டெட் முடிச்சவங்க மட்டும் இருங்க, மத்தவங்க கிளம்பலாம்" என்றார். முக்கால்வாசிப் பேர் எழுந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை, நாற்காலி இழுபடுகிற சத்தம் மட்டும்தான். பஸ்ஸில் வரும்போதுதான் கையைப் பார்த்தேன், எண் அப்படியே இருந்தது.

2023 ஜூன் 2 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்கே தெரியும். 2011 ஜூலை 29க்கு முன் வந்தவர்கள் டெட் இல்லாமல் வேலையில் தொடரலாம், ஆண்டு ஊதிய உயர்வும் உண்டு, ஆனால் பதவி உயர்வு என்றால் டெட் வேண்டும். சரி. அப்புறம் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றார், பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளம், காலை உணவுப் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். முத்திரையில் தலைமை ஆசிரியர் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொ' என்று ஓர் எழுத்து. தகுதி இல்லாத எனக்குப் பொறுப்பு மட்டும் எப்படி வந்தது? இதை யாராவது விளக்குங்கள்.

எண்பத்தேழு:
டீச்சர், உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும். 2013 டெட்டில் எனக்கு 87. தேர்ச்சிக்கு 90 வேண்டும். 2014 பிப்ரவரியில் அரசு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 என்று தளர்த்தியது, அதனால்தான் பட்டதாரி ஆசிரியர் வேலை கிடைத்தது. உடனே அந்தத் தளர்வின் மேல் வழக்கு. மதுரைக் கிளை ரத்து செய்து, 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தளர்வு செல்லும் என்று சொல்கிற வரைக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டே பயந்துகொண்டிருந்தேன். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய சான்றிதழுக்கு, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பட்டியலில் மதிப்பில்லை என்றால் எப்படி? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டேன். தவறு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பட்டியலில் எனக்கு மேலே இருந்தவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். அதில் ஒருவர் எங்கள் பள்ளி அக்காதான், மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். நீதிமன்ற நோட்டீஸ் பதிவுத் தபாலில் பள்ளி முகவரிக்கே வந்தது. அன்று தலைமை ஆசிரியர் விடுப்பு, அலுவலகத்தில் நான்தான் இருந்தேன். தபால்காரர் என்னிடமே நீட்ட, அக்கா பெயரைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஏழாம் வகுப்புக்கு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். பிரித்துப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு மூன்றாவது கோட்டையும் போட்டு முடித்தார்.

ஓராண்டு ஆங்கிலம்:
டெட் மட்டும்தானா பிரச்சினை? நான் கணிதம் மூன்று வருடம், பிறகு ஆங்கிலம் ஓராண்டு இரட்டைப் பட்டம். பல்கலைக்கழகமே நடத்திய படிப்பு, கட்டணம் கட்டித் தேர்வு எழுதி வாங்கியது. பதவி உயர்வு என்று வந்தபோது, ஒரே ஆண்டில் வாங்கிய பட்டம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஈடாகாது என்று தள்ளிவிட்டார்கள். சான்றிதழைத் திருப்பித் தரும்போது அதை மட்டும் தனியாக எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துக் கொடுத்தார் அந்த அலுவலர். திரைப்படப் பயிற்சி நிறுவன முதல்வர் பதவி வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எனக்கு எடுத்துக் காட்டினார்கள். எனக்குத்தான் அடிப்படைப் பட்டம் இருக்கிறதே!

இரண்டாவது வரி:
நான் உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளி. எங்களுக்கு டெட் தொல்லை இல்லை என்று பலர் சொல்வதால் எழுதுகிறேன். உச்ச நீதிமன்றத்தின் 2014 பிரமதி வழக்குத் தீர்ப்பின்படி, டெட்டுக்கு அடிப்படையான கல்வி உரிமைச் சட்டம் எங்கள் பள்ளிகளுக்குப் பொருந்தாது. அதே நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் அதையே சந்தேகித்துப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் தொல்லை வேறு. கேரளாவின் எம்ஜே உயர்நிலைப் பள்ளி வழக்கில், தகுதி உள்ள யாரையும் பணிமூப்பு பார்க்காமல் தலைமை ஆசிரியராக்கச் சிறுபான்மை நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. என்னைவிட ஒன்பது வருடம் இளையவரை நியமித்தார்கள், சட்டப்படி குறை சொல்ல முடியாது. மறுநாள் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் முதல் வரியில் புது மையில் அவர் பெயர், இரண்டாவது வரியில் வழக்கம்போல நான். எண்பத்தேழு சார், தகுதி தகுதி என்கிறீர்களே, என்னிடம் எல்லாத் தகுதியும் இருந்தது.

பழைய பதிவேடு:
என் கதை இரண்டே வரி. துறைத் தேர்வு தேர்ச்சியை எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) பதியாமல் விட்டதால் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பட்டியலில் ஒரு வருடம் போனது. வழக்கு வரை போகாமல் மேல்முறையீட்டில் முடிந்தது.

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஓய்வு தேதியைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி, அன்று ஐந்து வருடத்துக்கு மேல் பணிக்காலம் மீதி என்றால் இரண்டு வருடத்துக்குள் டெட் முடித்தாக வேண்டும், முடிக்காவிட்டால் வேலையே போகும். ஐந்துக்குக் குறைவு என்றால் ஓய்வு வரை தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கேட்க முடியாது. அந்தத் தீர்ப்பின் மேல் அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது என்று புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள். துறைத் தேர்வு முடிவு வந்ததும் எஸ்.ஆரில் பதிந்து, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். உத்தேசப் பட்டியல் வந்த அன்றே படியுங்கள், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், வாயால் சொன்னது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. சங்கம் வழக்கு நிதி கேட்டால் கொடுங்கள், ஆனால் ரிட் எண்ணைக் கேளுங்கள், மனுதாரர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் பல ஆணைகளில் பலன் மனுதாரருக்கு மட்டும்தான். டெட்டில் இரண்டாம் தாள் எழுதுகிறவர்கள் பாடத்துக்கான 60 மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள், உளவியல், தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து 90. ஓராண்டு ஆங்கிலம் டீச்சர், நீங்கள் இன்னொரு மூன்றாண்டுப் பட்டம் சேர்வதே நல்லது.

ஓராண்டு ஆங்கிலம்:
எனக்கு வயது ஐம்பத்து மூன்று அய்யா. நான் யோசனை கேட்கவில்லை.

கரிசல் டீச்சர்:
பழைய பதிவேடு அய்யா, எனக்கு மீதி ஏழு வருடம், அதனால் எழுதித்தான் ஆக வேண்டும், படித்துக்கொண்டிருக்கிறேன். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் இப்போது பி.எட்., அவன்தான் உளவியல் குறிப்பு அனுப்புகிறான்.

எண்பத்தேழு சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தபாலை வேறு யாரையாவது விட்டு அனுப்பியிருக்கலாம், நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அந்த அக்கா இப்போதும் உங்களோடு சாப்பிடுகிறாரா? அதை மட்டும் சொல்லுங்கள்.

எண்பத்தேழு:
இல்லை டீச்சர். மாறுதல் வாங்கிப் போய்விட்டார். அவர் டப்பா ஒன்று இன்னும் எங்கள் ஓய்வறை அலமாரியில் இருக்கிறது.