கொழுக்குமலைக் கூடாரத்தில் காதில் விழுந்த பேச்சு

நண்பர் குடும்பங்களோடு வெளியூர் போய் விடுதியில் தங்குவதும் கூடாரத்தில் தங்குவதும் ஒன்றல்ல. விடுதியில் கதவைச் சாத்திவிட்டால் கணவன் மனைவி பேச்சு அந்த அறைக்குள் நின்றுவிடும். கூடாரத்துக்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை. இரண்டு அடுக்குத் துணியும் ஒரு ஜிப்பும்தான். இது எங்களுக்கு என்ன செய்தது என்பதை எழுதுகிறேன். இதில் வரும் தம்பதியர் இருவரிடமும் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

நாங்கள் மதுரைக்காரர்கள். என் கணவரும் அவருடைய கல்லூரித் தோழர்கள் மூவருமாக நான்கு தம்பதியர், பொங்கல் விடுமுறை முடியும் வார இறுதியில் கொழுக்குமலைக்குப் போனோம். குளிரையும் ஜீப் பாதையையும் நினைத்துப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வீடுகளில் விட்டுவிட்டோம். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு, பூப்பாறை வழியாகக் கேரளத்தின் சூரியநெல்லிக்குப் போய், அங்கே நம் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஜீப்பில்தான் ஏற வேண்டும். அது பாதை என்பதைவிடப் பாறைகளின் வரிசை என்பதே பொருந்தும். முதுகுவலி உள்ளவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இடத்தின் பெயரைச் சொன்னதுமே என் மாமியார் வேண்டாம் என்றார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் 23 உயிர்கள் போனதை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அன்று சிக்கியவர்களில் ஒரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள். புதிதாகத் திருமணமானவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவருடைய அச்சம் நியாயமானது என்றே நான் கருதினேன். காட்டுப் பாதையில் ஓர் அடிகூட இறங்க மாட்டோம், போவதும் வருவதும் ஜீப்பில்தான், முகாமில் இருக்கும் அடுப்பைத் தவிர வேறெங்கும் தீ மூட்ட மாட்டோம் என்று சொல்லி, காடு காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியை விட்டுத் தையிலேயே போய் வருகிறோம் என்று விளக்கிய பிறகு சம்மதித்தார். போகிறவர்கள் எல்லாரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முகாமில் சரிவுக்குத் தக்கபடி மண்ணைத் தட்டி, ஒரே வரிசையில் கூடாரங்களை அடித்திருந்தார்கள். எங்களுடையது இரண்டாவது, மூன்றாவதில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் தோழரும் அவர் மனைவியும். அவள் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் ஐந்தாறு அடிதான் இடைவெளி. இரவு உணவுக்குப் பிறகு கீழே போடி, தேனிப் பக்கத்து விளக்குகளைப் பார்த்தபடி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதிகாலை உதயம் பார்க்க எழ வேண்டும் என்பதால் பிறகு அவரவர் கூடாரத்துக்குப் போய்விட்டோம்.

காற்று நின்றுவிட்ட குளிர் இரவில் ஒலி தரையை ஒட்டி வெகுதூரம் கேட்கும். அவர்கள் இருவரும் சத்தம் போடவே இல்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் எங்கள் காதில் விழுந்தது. இருவருடைய வருமானத்திலிருந்தும் மாதாமாதம் கட்டிவந்த 3 லட்ச ரூபாய் ஏலச்சீட்டை, அவர் முன்கூட்டியே தள்ளி எடுத்து, ஊரில் வீடு கட்டும் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். அதை இவளிடம் சொல்லவில்லை. உறவில் நடந்த ஒரு காதுகுத்தில், தம்பியின் மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டோம்" என்று கண்கலங்கியபோதுதான் இவளுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

"பணம் போனதுகூட இல்லைங்க. அவ நன்றி சொல்றப்ப எதுக்குன்னே தெரியாம நின்னேன் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றாள்.

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருவேன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"கேட்டுப் பாத்தீங்களா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பை யாரோ மேலே இழுக்கும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. என் கணவரும் விழித்துத்தான் இருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேசினால் அவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதால் பேசவில்லை.

மறுநாள் காலை உதயம் அருமையாக இருந்தது. மேகம் முழுவதும் காலுக்குக் கீழே கிடக்க, மீசைப்புலிமலைப் பக்கம் வெளிச்சம் ஏறியதை எல்லாரும் படம் பிடித்தார்கள். அவர்கள் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். குழுவில் அத்தனை பேரும் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தார்கள். காதில் விழுந்ததை விழாததுபோல் நடந்துகொள்வதுதான் நாகரிகம் என்று பலர் சொல்வார்கள். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருத்தியின் வேதனை எல்லாருக்கும் தெரிந்திருக்க, தெரியும் என்பது அவளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது, காதுகுத்து வீட்டில் அவளுக்கு நேர்ந்த அதே அவமானத்தை நாம் இன்னொருமுறை செய்வதாகும்.

முகாமுக்குத் திரும்பியதும், காலை உப்புமாவுக்கு அவளும் நானும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். குளிரில் விரல் மரத்துப்போய்த் தோல் சரியாகப் பிடிபடவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "ராத்திரி நீங்க பேசினது எங்க காதுல விழுந்துச்சும்மா. தெரியாத மாதிரி உன் முன்னாடி இருக்க எனக்கு மனசு வரல" என்றேன். கையில் இருந்த வெங்காயத்தை உரித்து முடிக்கும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எல்லாருக்குமா அக்கா?" என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் இருக்கும் என்றேன். "அப்ப நல்லதுதான். இதை ஆருகிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்தேன். அம்மாகிட்டச் சொன்னா அவரைக் கீழா நெனச்சுருவாங்க, அதனால ஆருகிட்டயும் சொல்லல" என்றாள். கணவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தபோதும் பிறந்த வீட்டில் அவர் மதிப்பு குறையக்கூடாது என்று அவள் காத்திருக்கிறாள் என்பதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டார். அவளே அவரிடம், "எல்லாருக்கும் கேட்டிருக்குங்க" என்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அடுப்பைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, யாரும் அவளைப் பொறுத்துப்போ என்றும் சொல்லவில்லை. எங்களில் மூத்தவரான பள்ளி ஆசிரியர், தன் வீட்டில் பணம் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்குவத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அவர்கள் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. அவருடைய உறவுக்கு அவர் கொடுப்பதையும் அவர் மனைவியின் உறவுக்கு அவர் மனைவி கொடுப்பதையும், திரும்பி வருமா வராதா என்பது உட்பட, கொடுப்பதற்கு முன்பே அதில் எழுதிவிடுவார்களாம். இருவருமே அரசு வேலையில் இருக்கும் இன்னொரு தம்பதியர், குறிப்பிட்ட தொகைவரை கேள்வி இல்லை, அதற்கு மேல் போனால் பேசாமல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். ஓரிரு முறை அந்த விதி மீறப்பட்டதையும் அதனால் வீட்டில் பேச்சற்றுப் போனதையும் அவர்களே சொன்னார்கள். வெளியில் அத்தனை ஒற்றுமையாகத் தெரியும் வீடுகளுக்குள் மாமனார் மருத்துவச் செலவும், தங்கை வளைகாப்புச் சீரும், அண்ணன் அடகு வைத்த நகையும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

எங்கள் முறை வந்தபோது என் கணவர் நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். அவர் பலசரக்குக் கடை நடத்துகிறார்; மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை தருவார். அதில் மிச்சம் பிடித்து என் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் நான் அனுப்பிவந்தேன். "அத்தை மாத்திரைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காகவே மாசம் 2,000 ரூபாய் கூட்டித்தான் வச்சிட்டிருக்கேன்" என்றார். எல்லாரும் அவரைப் பெருமையோடு பார்த்தார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அதோடு ஒரு வருத்தமும் சேர்ந்தே வந்தது. மாதாமாதம் பருப்பிலும் எண்ணெயிலும் கணக்குப் பார்த்து, பிள்ளைகளுக்கு வாங்க நினைத்ததைத் தள்ளிவைத்து, இவருக்குத் தெரியக்கூடாதே என்று நான் பதறிய பதற்றம் தேவையில்லாததாக இருந்திருக்கிறது. அவர் செய்தது நல்ல காரியம், தோழர் செய்தது மனைவியின் உழைப்பைக் கேளாமல் எடுத்துக் கொடுத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் இரண்டிலும் மனைவியிடம் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் பேச முடியாது. பிடித்துக்கொண்டு உட்காரவே நேரம் சரியாக இருக்கும். போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது, "ஏங்க, இதை என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப" என்றார். முந்தைய இரவு பக்கத்துக் கூடாரத்தில் கேட்ட அதே பதில். அவருக்கும் அது அந்தக் கணத்திலேயே உறைத்துவிட்டது. "கேட்டிருக்கணும்" என்று அவரே சொன்னார். வளைவுகளில் இறங்கி போடி வந்து சேரும்வரை, எங்கள் மகளின் கல்லூரிச் செலவு, கடை வாடகை, அம்மாவைக் கொஞ்ச நாள் எங்களோடு வைத்துக்கொள்வது என்று, வீட்டில் ஒருபோதும் உட்கார்ந்து பேசாத அத்தனையையும் பேசினோம்.

அந்தத் தோழர் ஊருக்குப் போய்த் தம்பியிடமும் தம்பி மனைவியிடமும், சீட்டுப் பணத்தில் தையல் வகுப்பு வருமானமும் இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல் நான்தான் கொடுத்தேன் என்று நேரில் சொல்லியிருக்கிறார். இப்போது தம்பி மாதாமாதம் திருப்பித் தரும் தொகை இவள் கணக்குக்கு வருகிறது. அவள் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீர வேண்டும் என்று நாங்கள் யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டோம். முதல் வரியாக என் அம்மாவின் மாத்திரைச் செலவை என் கணவரே எழுதினார். அதைப் பார்த்த மாமியார், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னத்தா கணக்கு?" என்று கேட்டார். மொய் நோட்டு எழுதுவதால் உறவு முறிந்துவிடவில்லையே, யார் யாருக்கு என்ன செய்தோம் என்பது நினைவில் நிற்கத்தானே எழுதுகிறோம் என்றேன். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து, தன் ஓய்வூதியத்திலிருந்து என் நாத்தனாருக்கு மாதம் அனுப்பும் 1,500 ரூபாயையும் அதில் எழுதச் சொன்னார். அவர் அனுப்புவது அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது.